தலைவரை நீக்கத் தலைவரே எடுத்த கருத்துக்கணிப்பு

தன்னைப் பதவியிலிருந்து நீக்கலாமா, வேண்டாமா என்று ஒவ்வொரு ஆளாகப் போய் விசாரித்த தலைவர், எனக்குத் தெரிந்து, உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஆக்லாந்தில் இருக்கிறார். பெயர் வீதம் அண்ணை.

அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் மனைவி மாலா அக்காவே கைப்பேசியில் அவர் எண்ணை ‘வீதம்’ என்றுதான் போட்டு வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் சதவீதம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு வெறும் வீதமே போதும். அண்ணை வாயைத் திறந்தால் அந்தச் சொல் வெளியே வராமல் வாய் மூடாது.

“டீ எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டால், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றிலும் பார்ப்பார்.

“குடிச்ச ஆக்களிலை எழுபது வீதம் நல்லதெண்டு சொல்லுகினம்.”

“உங்களுக்கு எப்படி இருக்கு?”

“நான் கேக்கிற ஆள், தம்பி. எனக்குக் கருத்து இருக்கக் கூடாது.”

பகலில் பென்ரோஸில் ஒரு சரக்குக் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. சனிக்கிழமை காலையில் எங்கள் தமிழ் பேட்மிண்டன் சங்கத்தின் தலைவர். யாழ்ப்பாணம், தமிழ்நாடு, மலேசியா என்று மூன்று திசையிலிருந்தும் வந்து, மவுண்ட் ராஸ்கில் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடி வியர்க்கிற சின்னச் சங்கம் அது. அண்ணை ஆடமாட்டார். இரண்டு முட்டியும் போய்விட்டன. ஆனாலும் ஆடுகிறவர்கள் போடுகிற வெள்ளை ஷூவைப் போட்டு, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார்.

ஆடத் தெரியாதவர் எப்படித் தலைவரானார் என்று கேட்பீர்கள். ஆடத் தெரிந்தவர்களுக்கு ஆடவே நேரம் போதவில்லை. அதனால் ஆட முடியாதவரைத் தலைவராக்கினோம். அதே கூட்டத்தில் என்னைச் செயலாளராக்கினார்கள். அன்றைக்கு நான் வரவில்லை. கூட்டத்துக்கு வராதவரைச் செயலாளராகப் போடுவது எங்கள் சங்கத்து மரபு.

தலைவராகி அவர் செய்த முதல் காரியம், தலைவர் முடிவெடுக்கிற வழக்கத்தை ஒழித்தது. எதற்கும் கருத்துக்கணிப்பு. ஆட வாங்குகிற ஷட்டில்காக் இறகா, பிளாஸ்டிக்கா? கணிப்பு. ஜன்னலை மூடலாமா? கணிப்பு. முடிவு வருவதற்குள் மழை வந்து ஜன்னல் வழியாக உள்ளேயும் வந்துவிட்டது. ஆண்டு விழாச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டியா, பிரியாணியா, மலேசிய நாசி லெமாக்கா என்று ஒரு பெரும் கணிப்பு நடத்தினார். கொத்துரொட்டி அமோகமாக வென்றது. அந்தச் செய்தி எங்களை எட்டியபோது நாங்கள் ஆண்டு விழாவில் பீட்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நான் புள்ளியியல் படித்துவிட்டு வந்தவன். வந்த புதிது வேறு. உலகத்தில் எந்தத் தப்பான கணக்கைக் கண்டாலும் நானே போய்த் திருத்தினால்தான் அது திருந்தும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். அவரைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அவருக்கும் என்னைப் பார்த்ததும் மகிழ்ச்சி. “படிச்ச பிள்ளை, எனக்கு உதவியா இருக்கும்” என்று எல்லோரிடமும் சொன்னார். நான் சொன்ன யோசனைகளில் ஒன்றைத்தவிர எதையும் அவர் கேட்டதில்லை. அந்த ஒன்றுதான் அவர் பதவியைத் தின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருக்கு இந்த வியாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஜனாதிபதியைப் பதவியிலிருந்து நீக்கலாமா என்று விவாதம் கிளம்பியபோது, நாட்டு மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கணிப்புகள் மழையாகப் பொழிந்தன. அண்ணை ஒன்றையும் விடவில்லை. இரண்டு ஆட்டத்துக்கு நடுவில், நாங்கள் தண்ணீர் குடிக்கிற இடைவெளியில், ஹால் நடுவில் வந்து நிற்பார். “நேற்றையிலும் பாக்க இண்டைக்கு இரண்டு வீதம் கூடியிருக்கு” என்பார். எது கூடியது, யாருக்குக் கூடியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் தண்ணீர் இடைவெளி போய்விடும்.

ஒரு நாள் அவருக்குத் தோன்றியது: அமெரிக்கர்களை எல்லோரும் கேட்கிறார்கள், ஆக்லாந்துத் தமிழர்களை யார் கேட்டார்கள்?

கோயில் கார் நிறுத்துமிடத்தில் தொடங்கினார். நானும் கூடப் போனேன். முதலில் அகப்பட்டவர், அர்ச்சனைத் தட்டோடு காரைத் தேடிக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர்.

“ஐயா, ஒரு சின்னக் கேள்வி. சனாதிபதியைப் பதவியிலை இருந்து நீக்கவேணும் எண்டு நினைக்கிறியளோ?”

பெரியவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். காருக்கு அடியில் மட்டும்தான் பார்க்கவில்லை.

“ஆர் தம்பி கேக்கச் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. நான்தான் கேக்கிறன்.”

“அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லை. நீரும் என்னைக் காணேல்லை.”

“ஐயா, இது இலங்கை இல்லை, அமெரிக்க சனாதிபதி.”

பெரியவர் முகத்தில் விபூதிக்கு மேல் ஒரு வெளிச்சம் வந்தது. “உதை முதலே சொல்லக் கூடாதோ? நீக்குங்கோ. நாளைக்கே நீக்குங்கோ!”

அதற்குப் பிறகுதான் கேள்வியில் ‘அமெரிக்க’ என்ற சொல்லை முதலாவதாகத் தூக்கிப் போட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் வேறு பிரச்சினை. கேள்வி முடியும் முன்பே பதில் தொடங்கிவிடும். கிரேக்கத்தில் தொடங்கி, எண்ணெய் விலை வழியாக, தங்கள் ஊர் கவுன்சிலரில் வந்து நிற்பார்கள். அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப ஓமோ, இல்லையோ?” என்பார். “அதை நீங்கதான் சார் முடிவு பண்ணிக்கணும்” என்று காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ரீட்டா அக்கா மலேசியாக்காரர், நர்ஸ், எங்கள் சங்கத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு. அவரிடமும் கேட்டார்.

“அவரு இருந்தா என் மார்ட்கேஜ் குறையுமா? போனா குறையுமா? அப்புறம் என்னா லா?” என்றார் ரீட்டா அக்கா.

அண்ணை தலையாட்டினார். “சரி. கருத்து இல்லை.”

“யாருக்குக் கருத்து இல்ல? எனக்கா? என் வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க, சிரிப்பார்!”

நான் விடவில்லை. “அண்ணே, கோயில் பார்க்கிங்ல நிக்கிறவங்களை மட்டும் கேட்டா அது சரியான சாம்பிள் ஆகாது. எல்லாத் தரப்பும் வேணும்” என்றேன்.

“நல்ல விசயம்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய பார்க்கிங்குக்குப் போனார்.

அங்கேதான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு வாரம் தூங்காமல் இருந்தார். ஒரே ஆளிடம் ‘ஜனாதிபதியை விசாரிக்கலாமா?’ என்று கேட்டால், ‘கட்டாயம்’ என்று பதில் வருகிறது. அதே ஆளிடம் ‘நீக்கலாமா?’ என்று கேட்டால், ‘ஐயோ பாவம், இந்த வயசிலயா’ என்கிறார். “எங்கடை சனம் தீர்ப்புக்கு இரக்கப்படும், விசாரணைக்கு இரக்கப்படாது” என்றார் அண்ணை. அது அவர் கருத்து மாதிரி எனக்குப் பட்டது. கேட்டேன். “இல்லை, அது கணிப்பு முடிவு” என்றார்.

ஒருமுறை நேராகவே கேட்டுப் பார்த்தேன். “நீங்கதானே தலைவர்? ஹால் ஜன்னலை மூடுறதைக்கூட நீங்களே முடிவு பண்ணக் கூடாதா?”

ஜன்னல் பக்கம் திரும்பினார். “தம்பி, நான் வளர்ந்த இடத்திலை எல்லாத்தையும் ஆரோ முடிவெடுத்துப்போட்டுத்தான் எங்களுக்குச் சொன்னவை. இடம் மாறு எண்டால் மாறினம். ஓடு எண்டால் ஓடினம். ஒருத்தரும் வந்து, உங்களுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டதில்லை. கேட்டால் சனம் எப்பிடிப் பதில் சொல்லும் எண்டு பாக்க எனக்கு ஒரு ஆசை.”

“அதுக்காக ஜன்னலுக்குமா அண்ணே?”

“ஜன்னலுக்கும்தான்.”

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வரும்வரை. அடுத்த ஆண்டும் சனிக்கிழமை ஹால் வேண்டுமா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பதில் ஒரே ஒரு சொல். மனிதனாகப் பிறந்த யாரும் ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள்.

அண்ணை வாட்ஸாப் குழுவில் கணிப்பு போட்டார். வேண்டும். வேண்டும், ஆனால் நேரத்தை மாற்ற வேண்டும். வேறு ஹால் பார்க்கலாம். சொல்லத் தெரியவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் எதையும் தொடாமல், கீழே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனார்கள். அண்ணைக்குக் குழப்பம். ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் போன் போட்டு, “நீங்கள் விரல் காட்டினது முதலாவதுக்கோ, இரண்டாவதுக்கோ?” என்று கேட்டார். விரல் காட்டியது ஞாபகமில்லாதவர்களுக்கு முதலிலிருந்து விளக்கினார். திங்கட்கிழமை காலையில், மிகப் பெரும்பான்மை ஹால் வேண்டும் என்கிறது என்று, பிழை வீதத்தோடு பள்ளிக்கூடத்துக்கு எழுதினார்.

மரியாதையான பதில் வந்தது. ஹாலை சல்சா நடனக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அதன் பிறகு நாங்கள் ஹில்ஸ்பரோவில் ரீட்டா அக்கா வீட்டுப் பின்புறப் புல்வெளியில் ஆடினோம். வலையின் ஒரு முனை துணி காயப்போடுகிற கம்பத்தில், மறு முனை முட்டை அளவுப் பச்சைப் பழம் காய்க்கிற ஃபீஜோவா மரத்தில். ஆக்லாந்துக் காற்றைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே பேட்மிண்டனை வெளியில் ஆடுவதில்லை. நான் எதிர்ப்பக்கத்து ஆளுக்குப் போட்ட காக், பக்கத்து வீட்டு ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓங்கி அடித்தால் மரத்திலிருந்து ஃபீஜோவாப் பழம் விழும்; சில ஆட்டங்களில் எது காக், எது பழம் என்று ஆடி முடித்த பிறகுதான் தெரிந்தது. அண்ணை மட்டும் வழக்கம்போல வெள்ளை ஷூவோடு வந்து ஓரமாக நின்று, வெளியில் ஆடுவது பற்றிக் கருத்துக் கேட்டார்.

செந்திலுக்கு அங்கேதான் பொறுமை போனது. செந்தில் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர், எங்களில் ஆட்டம் தெரிந்த ஒரே ஆள். கொலைவெறியிலும் ‘ங்க’ போடாமல் பேசத் தெரியாது. சேற்றில் வழுக்கி விழுந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: “ஏனுங்க, இப்படி ஒரு தலைவர் வேணுமாங்க நமக்கு? தூக்கிப்போடலாமுங்க!”

எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், மலர்ந்தது.

“அப்ப இதுவும் ஒரு பதவி நீக்கம்தானே!” என்றார். “இதை முறைப்படி செய்யோணும். முதல் குற்றச்சாட்டு எழுதோணும். பிறகு விசாரணை. பிறகு வாக்கெடுப்பு. அமெரிக்காவிலை கீழ்ச்சபை குற்றஞ்சாட்டும், மேல்சபை விசாரிக்கும். எங்களிட்ட ஒரு சபைதான் இருக்கு. பாதி ஆக்கள் மேலை டெக்கிலை ஏறி நில்லுங்கோ.”

வீட்டுப் பின்வாசல் பலகை மேடையில் ஏறி நின்றோம். அப்போதே முடித்திருக்கலாம். மழை வந்தது.

குற்றச்சாட்டு எழுதும் வேலை செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. எனக்குப் பழக்கமில்லை என்றேன். அண்ணை “நான் உதவி செய்யிறன்” என்றார். மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் மாலில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவரைப் பதவியிலிருந்து இறக்குவதற்கான குற்றப்பத்திரிகையை அவரும் நானுமாகத் தயாரித்தோம்.

“முதலாவது குற்றம் பலவீனமா இருக்கு” என்றார். “பள்ளிக்கூட ஹோல் போனதை மேலை போடும். சாப்பாட்டை இரண்டாவதாப் போடும்.”

“அலட்சியம்னு எழுதியிருக்கேன்ணே, சரியா?”

“அலட்சியம் எண்டு போடாதையும். நான் எப்ப அலட்சியமா இருந்தனான்? ‘அளவுக்கு மிஞ்சின கவனம்’ எண்டு போடும். அதுதான் நிக்கும்.”

மாலா அக்கா தள்ளுவண்டியோடு வந்தார். “என்ன எழுதுறியள் ரெண்டு பேரும்?”

“என்னை நீக்கிறதுக்கு” என்றார் அண்ணை.

“நல்லது. பால் வாங்க மறக்க வேண்டாம்.”

அண்ணை பால் வாங்கப் போனார். மாலா அக்கா அவர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணை முட்டி வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போய்க்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்கள் அவரை நீக்கிறது பற்றி எனக்கு ஒண்டும் இல்லை. வீட்டிலையும் ஒரு சாம்பார் வைக்க ஏலாது, கணிப்புத்தான். மகள் ‘அப்பா, நோபடி கேர்ஸ்’ எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தியிடுவாள்.” தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆனா ஹோல் இல்லாமல் போன முதல் சனிக்கிழமை, விடியவே ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல்படியிலை இருந்தவர். எங்கை போறியள் எண்டு கேட்டன். ‘ஒரு இடமும் இல்லை’ எண்டார். விளையாட ஏலாத மனுசன். தலைவர் எண்டால் அங்கை நிக்கலாம். தலைவர் இல்லாட்டி, என்னெண்டு சொல்லிக்கொண்டு வாறது?”

நான் குற்றப்பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்ப வைத்தேன். அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஃபீஜோவா மரத்தடியில் இன்னொரு குளிர்காலம் ஆட யாராலும் முடியாது. புது ஹால் வேண்டும் என்றால், பார்த்த அன்றே ‘சரி’ சொல்கிற தலைவர் வேண்டும். அதுவும் உண்மைதான்.

வாக்கெடுப்புக்கு முன்னால், சொல்லவும் வேண்டுமா, கணிப்பு.

அண்ணையே ஒவ்வொருவரையும் நேரில் போய்க் கேட்டார். “என்னை நீக்கலாமோ?” நம் ஆட்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. வீட்டு வாசலில் வந்து நிற்கிற மனிதரை உள்ளே கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்து, முறுக்குத் தட்டை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, ‘ஆமாம், உங்களை நீக்க வேண்டும்’ என்று எந்தத் தமிழன் சொல்வான்? சேற்றில் விழுந்த செந்திலே, “அதெல்லாம் இல்லீங்கண்ணா, நீங்களே இருங்க. இன்னொரு முறுக்கு எடுத்துக்குங்க” என்றார்.

முடிவு: நூறு வீதம் ஆதரவு.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கணிப்பை மூடிவிட்டுப் பூமாலைக்குச் சொல்லியிருப்பார்கள். அண்ணை என்னிடம் வந்து கவலையோடு உட்கார்ந்தார். “தம்பி, இது பிழை. ஒரு தலைவருக்கு நூறு வீதம் வந்தால், ஒண்டில் கணக்குப் பொய், இல்லாட்டிச் சனம் பயந்திருக்கு. என்னைப் பாத்து ஆரும் பயப்பிட மாட்டினம். அப்ப கணக்குத்தான்.”

நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். “அண்ணே, ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ன்னு கேக்காதீங்க. ‘மத்தவங்க என்ன நினைக்கிறாங்க’ன்னு கேளுங்க.”

என் யோசனைகளில் அவர் கேட்ட ஒரே யோசனை. மறுபடி எல்லா வீட்டுக்கும் போனார். மறுபடி டீ. மறுபடி முறுக்கு. ஆனால் இந்தத் தடவை அணை உடைந்தது.

“நான் ஒண்ணும் சொல்லலீங்கண்ணா” என்று தொடங்கினார் செந்தில். “எனக்கு உங்க மேல மரியாதைங்க. ஆனா மத்தவங்க சொல்றாங்க, நீங்க இருக்கிறவரைக்கும் ஹால் கிடைக்காதாம். இந்த மனுஷன் கணிப்பு எடுத்து எடுத்தே நம்மளைக் கொன்னுருவார்ங்கிறாங்க. சேத்துல விழுந்து ஒருத்தருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சாமுங்க!” இப்படி, மற்றவர்கள் சொன்னதை, டீ ஆறி இரண்டாம் டீ ஆறும்வரை சொன்னார்.

முக்கால்வாசிப் பேருக்கு மேல், மற்றவர்கள் அவரை நீக்க விரும்புவதாகச் சொன்னார்கள். அண்ணை அதை அப்படியே வாட்ஸாப் குழுவில் போட்டார். கீழே, ‘கேட்டவர் தலைவரே என்பதால் உண்மை இதைவிடக் கொஞ்சம் மோசமாக இருக்கலாம்’ என்று ஒரு குறிப்பும். எங்கள் உறுப்பினர்கள் கட்டைவிரல் போட்டார்கள்.

விசாரணை ரீட்டா அக்கா வீட்டு கராஜில் நடந்தது. தன்மேல் நடக்கிற விசாரணைக்குத் தலைவர் தலைமை வகிக்கக் கூடாது என்று அண்ணையே சட்டம் சொன்னதால், கராஜுக்குச் சொந்தக்காரர் என்ற தகுதியில் ரீட்டா அக்கா நீதிபதியானார். கையில் சப்பாத்திக் கட்டை. வாக்குப் பெட்டி, ரைஸ் குக்கரின் உள் பாத்திரம்.

நான் குற்றச்சாட்டுகளை வாசித்தேன். ‘அளவுக்கு மிஞ்சின கவனம்’ என்ற இடத்தில் அண்ணை பெருமையோடு தலையாட்டினார்.

“உங்க பக்கம் என்னா சொல்றீங்க?” என்றார் நீதிபதி.

“நான் கேக்கிற ஆள்.”

“கேட்டது போதும் லா. ஓட்டுப் போடலாம்.” கட்டையால் வாஷிங் மெஷினில் ஒரு தட்டு.

அப்போது செந்தில் எழுந்து நின்றார். “ஒரு நிமிஷமுங்க. எல்லாரையும் கேட்டாச்சு. ரெண்டு தடவை கேட்டாச்சு. ஒரே ஒரு ஆளை மட்டும் யாரும் கேக்கலைங்க.” அண்ணை பக்கம் திரும்பினார். “அண்ணா, உங்களுக்கு என்னங்க வேணும்?”

கராஜ் கூரைமேல் மழைச் சத்தம். அண்ணை வழக்கம்போலப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சதவீதம் எதுவும் வரவில்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். இத்தனை பேரைக் கேள்வி கேட்ட மனிதர், கேள்வி தன்னிடம் வந்ததும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்கு” என்றார். நிறுத்தினார். “எனக்குச் சனிக்கிழமை வரோணும். தலைவரா எண்டில்லை. சும்மா வரோணும். அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார்.

ரீட்டா அக்கா கட்டையை மடியில் வைத்துக்கொண்டார். துண்டுச் சீட்டுகள் ஒவ்வொன்றாக ரைஸ் குக்கருக்குள் விழுந்தன.

நான் எண்ணினேன். அண்ணை நீக்கப்பட்டார். கொஞ்சநஞ்சமாக இல்லை, அமோகமாக நீக்கப்பட்டார். அந்தக் கராஜில் அவரை விரும்பாதவர் ஒருவர்கூட இல்லை; ஆனால் ஹால் வேண்டாம் என்பவரும் ஒருவர்கூட இல்லை.

அண்ணை என் கையிலிருந்து தாளை வாங்கி உற்றுப் பார்த்தார். இரண்டாவது கணிப்பையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தார். என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாத்தியளோ தம்பி? ஒரு வோட்டும் பிசகேல்லை! அமெரிக்காவிலைகூட இப்பிடிச் சரியா வராது!”

பதவி போன மனிதரை நாங்கள் தேற்ற வேண்டியிருந்த இடத்தில், அவருக்கு வாழ்த்துச் சொல்லிக் கைகொடுக்க வேண்டியதாகிவிட்டது.

செந்தில் புதுத் தலைவரானார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, முதல் முடிவை அறிவித்தார். “இனிமே எல்லா ஆட்டத்துக்கும் அம்பயர் அண்ணாதானுங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் ஆளா வரணுமுங்க.”

“இதுக்கு ஒருக்கா எல்லாரிட்டையும் கேட்டால்...” என்று அண்ணை தொடங்கினார்.

“கேக்க மாட்டனுங்க” என்றார் செந்தில்.

இரண்டாவது முடிவும் அன்றைக்கே. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சமூகக் கூடம். போன் போட்டார், ‘யெஸ்’ என்றார், வைத்தார். நாங்கள் அவரை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

முதல் சனிக்கிழமை நாங்கள் போனபோது அண்ணை ஏற்கெனவே வலைக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் செந்திலுக்கும் ஆட்டம். செந்திலோடு ஆடினால் நான் எப்போதும் தோற்பேன், அன்றைக்கும் தோற்றுக்கொண்டிருந்தேன், ஆனால் எப்படியோ கடைசிவரை கூடவே வந்துவிட்டேன். கடைசிப் புள்ளி. செந்தில் எகிறி, ஹாலே அதிர ஒரு அடி அடித்தார். காக் என் பின்னால் கோட்டோரமாக விழுந்தது.

எல்லோரும் அண்ணையைப் பார்த்தோம். அண்ணை சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். வாய் பாதி திறந்தது.

“நீங்க சொல்லுங்கண்ணா” என்றார் செந்தில். “உள்ளயா, வெளியவா?”

அண்ணை கோட்டைப் பார்த்தார். காக்கைப் பார்த்தார். மூச்சை இழுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல், கையை நீட்டிச் சொன்னார்: “வெளியிலை!”

காக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே கிடந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். செந்தில் வலையைத் தாண்டி வந்து, குனிந்து அதை எடுத்தார். இறகை நீவிவிட்டு என் கையில் கொடுத்தார்.

“ஆமாங்கண்ணா” என்றார். “வெளியதானுங்க.”